பட்டியலில் ஒரு பெயர்
வில்லியனூர், பாகூர்க் கொம்யூன்களின் வாக்குரிமை வரலாறு



தமிழர் மக்களாட்சியைப் பற்றிப் பேசத் தொடங்கும் எவரும் முதலில் உத்திரமேரூர்க் குடவோலையையே நினைவுகூர்வர். அந்தப் பெருமிதம் நியாயமானதே. எனினும், குடத்தில் ஓலை இடப்படுவதற்கு முன்னரே ஒரு வினாவுக்கு விடை காணப்பட்டிருந்தது. யாருடைய பெயரை ஓலையில் எழுதலாம் என்பதே அவ்வினா. முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் அதற்கு விடை கூறுகின்றன. வரி செலுத்தும் கால்வேலி நிலம், சொந்த மனையில் வீடு, முப்பத்தைந்துக்குக் குறையாமலும் எழுபதுக்கு மேற்படாமலும் அகவை, வேதக் கல்வி ஆகியன வேண்டும். கணக்குக் காட்டாதவனும் அவனுடைய உறவினரும் விலக்கப்படுவர். 919இல் வகுத்த விதியைச் சபை 921இல் திருத்தியது. சபை கூடியபோது அரசனின் ஆணையைக் கொண்டுவந்த அதிகாரியும் உடன் இருந்தார். விதி ஊருடையதா, வேந்தனுடையதா என்னும் வழக்கு அன்றே முளைவிட்டது எனலாம்.

அவ்வழக்கு ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் தீராமல் இருப்பதற்கு வில்லியனூரும் பாகூரும் சான்றாகின்றன. இவ்விரு பெயர்களும் இலக்கிய அன்பர்களுக்குப் புதியன அல்ல. 9ஆம் நூற்றாண்டிலேயே பாகூரில் ஒரு கல்வி நிலையம் இருந்ததையும், அதற்கு ஊர்கள் கொடையாக வழங்கப்பட்டதையும் பல்லவர் செப்பேடு பதிவு செய்துள்ளது. கவிஞர் வாணிதாசன் பிறந்தது வில்லியனூர்; வாழ்ந்தது பாகூரை அடுத்த சேலியமேடு. நெல்லும் கரும்பும் விளையும் இம்மண்ணில் வாக்குரிமை எவ்வாறு விளைந்தது என்பதைக் காண்பது தகும்.

1880ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பாரிசிலிருந்து வந்த ஆணை ஒன்று பிரெஞ்சிந்தியாவில் பத்துக் கொம்யூன்களை உருவாக்கியது. புதுச்சேரிப் பகுதிக்குரிய நான்கனுள் வில்லியனூரும் பாகூரும் இடம்பெற்றன. 1907இல் கொம்யூன்களின் எண்ணிக்கை பதினேழாயிற்று. பிரித்தானிய இந்தியாவில் உழவனும் கூலியாளும் வாக்கைக் கனவிலும் காணாத காலத்தில் இங்குள்ள ஆண்களுக்கு அது கிட்டியது. ஆனால் உரிமையை ஒரு கையால் வழங்கிய அரசு, மறு கையால் பட்டியலைப் பிரித்தது. 1884இல் ஐரோப்பியர், 'ரெனோன்சான்' எனப்பட்ட துறந்தோர், ஏனைய இந்தியர் என மூன்று பட்டியல்கள் எழுந்தன. சிறுபான்மையினரான ஐரோப்பியரின் பட்டியலுக்கு அவர்தம் தொகையைப் பன்மடங்கு விஞ்சிய பங்கு கிடைத்தது.

துறந்தோர் என்போர் 1881 செப்டம்பர் ஆணையின்படி தம் சாதி வழக்கத்தையும் குடும்பச் சட்டத்தையும் விடுத்துப் பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றவர்கள். அவர்களை வழிநடத்திய பொன்னுத்தம்பிப் பிள்ளை தமக்குச் சூட்டிக்கொண்ட குடும்பப் பெயர் லப்போர்த். பிரெஞ்சு மொழியில் அதற்கு வாயில் என்பது பொருள். ஒடுக்கப்பட்டோர் பலர் அவ்வாயிலின் வழியே சமத்துவத்தை நாடினர். 1899இல் பாரிசு அவர்களுக்குரிய தனிப் பட்டியலை நீக்கிவிட்டது. பட்டியல்கள் இரண்டாயின. நுழையச் சொன்ன அரசே வாயிலைச் சாத்தியது. இப்பிரிவினை மறைய இரண்டாம் உலகப் போர் முடிய வேண்டியிருந்தது.

அப்படியாயின் பட்டியலை ஊராரிடமே விட்டிருக்கலாமே எனத் தோன்றக்கூடும். வரலாறு அதற்கும் எளிதில் இடம் தருவதாக இல்லை. பிரெஞ்சிந்தியத் தேர்தல்கள் அடிதடிக்கும் பொய் வாக்குக்கும் பெயர்பெற்றவை. மேரின் கையில் ஊர் நிர்வாகம் இருந்தபோது, ஊர்ப் பெரியதனக்காரரின் விருப்பமே மக்கள் விருப்பமாகப் பதிவாகும் நிலை இருந்தது. தொலைவிலுள்ள அரசு மனிதரை அறியாது. அருகிலுள்ள தலைவரோ மனிதரை மிக நன்றாக அறிவார். அவ்வறிவே எளியவர்க்கு அச்சமாயிற்று.

1948 சூன் திங்களில் இந்திய, பிரெஞ்சு அரசுகள், மக்கள் வாக்கின் வழியே இப்பகுதிகளின் எதிர்காலத்தை முடிவுசெய்ய உடன்பட்டன. சந்திரநாகூர் 1949இல் வாக்களித்து இந்தியாவோடு இணைந்தது. புதுச்சேரியிலோ வாக்காளர் பட்டியலின் நம்பகத்தன்மை குறித்தும் தேர்தற் சூழல் குறித்தும் எழுந்த பூசல் தீரவில்லை. மக்கள் வாக்கெடுப்பு நடைபெறவேயில்லை. இறுதியில் 1954 அக்டோபர் 18ஆம் நாள், வில்லியனூர்க் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில், சட்டமன்ற உறுப்பினர்களும் கொம்யூன் உறுப்பினர்களுமாக 178 பேர் கூடினர். இணைப்பை 170 பேர் ஆதரித்தனர். 8 பேர் எதிர்த்தனர். நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. ஒரு நிலப்பகுதியின் தலைவிதியை எழுதிய வாக்குகள் 178 மட்டுமே. அம்முடிவு மக்கள் மனத்துக்கு உகந்ததே என்பதில் ஐயமில்லை. ஆயினும் கீழூர் வயலில் களை பறித்துக்கொண்டிருந்த பெண்ணை அன்று எவரும் நேரில் கேட்கவில்லை என்பதும் உண்மை.

1956இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகத்து 16இல் நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை விரும்பியோர் ஆறு திங்களுக்குள் எழுதிக் கொடுக்குமாறு பணிக்கப்பட்டனர். அதன் விளைவாக, ஒரே தெருவில் பிறந்து வளர்ந்தோருள் ஒருவர் பிரான்சின் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க, மற்றவர் தம் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விந்தை நிலைபெற்றது.

இந்திய அரசமைப்பு வாக்குரிமையைச் சாதி, சமயம், செல்வம் ஆகிய அளவுகோல்களிலிருந்து விடுவித்தது. 326ஆம் உறுப்பு வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை தந்தது. 324ஆம் உறுப்பு நாடாளுமன்ற, சட்டமன்றப் பட்டியல்களை இந்தியத் தேர்தல் ஆணையத்திடம் ஒப்படைத்தது. 1992இல் நிறைவேறிய 73ஆம் திருத்தம் ஊராட்சித் தேர்தலுக்கு மாநிலத் தேர்தல் ஆணையத்தை அமைத்தது. நடுவணுக்கு ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று என்னும் இவ்வேற்பாடு புதுச்சேரியில் சிக்கலாயிற்று. 2019இல் அமைச்சரவை மாநிலத் தேர்தல் ஆணையரை நியமித்தது. நடுவண் அரசின் சார்பாளரான துணைநிலை ஆளுநர் அதனை ஏற்கவில்லை. ஆணையரை அமர்த்துவது யார் என்ற வழக்கில் கொம்யூன்களின் தேர்தல் காத்துக் கிடந்தது.

அக்காத்திருப்பு புதியதன்று. 1968இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலுக்குப் பின் அடுத்தது 2006இல்தான் நடந்தது. இடைவெளி 38 ஆண்டுகள். 1950இல் பாகூரில் பிறந்த ஒருவர், 21 வயது நிரம்பியோர்க்கே வாக்கு இருந்த 1968இல் வாக்களிக்க இயலாதவர். தம் ஊராட்சிக்கு முதல் வாக்கை அவர் இட்டபோது அவருக்கு வயது 56. அப்போது அமைந்த 98 கிராமப் பஞ்சாயத்துகளும் 10 கொம்யூன் பஞ்சாயத்துகளும் 5 நகராட்சிகளும் 2011இல் காலம் முடிந்து கலைந்தன. 2021இல் அறிவிக்கப்பட்ட தேர்தலும் இடஒதுக்கீடு பற்றிய வழக்குகளுக்கிடையே நின்றுபோயிற்று. பட்டியலில் பெயர் இருந்தும் பெட்டி வரவில்லை. பெயரை நீக்காமலேயே உரிமையை நீக்கும் வழி இது.

பெட்டி இருந்தும் பட்டியல் இல்லாத நிலையும் இங்குண்டு. 1963ஆம் ஆண்டுச் சட்டப்படி மக்கள் தேர்ந்தெடுக்கும் 30 உறுப்பினர்களோடு மூவரை நடுவண் அரசு நியமிக்கலாம். அம்மூவரும் வரவுசெலவுத் திட்டத்தின் மீதும், நம்பிக்கை இல்லாத் தீர்மானத்தின் மீதும் வாக்களிக்கலாம் என 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்துக்கு ஒத்த தீர்ப்புத்தான். ஆனால் எந்த ஊரின் பட்டியலும் அம்மூவரை அனுப்பவில்லை.

2025 நவம்பரில் சிறப்புத் தீவிரத் திருத்தம் புதுச்சேரியிலும் தொடங்கியபோது, பழைய பட்டியலில் தம் பெயரையோ பெற்றோர் பெயரையோ காட்டுவது மக்களின் பொறுப்பாயிற்று. இறந்தோர் பெயரும் இரட்டைப் பதிவும் நீங்குதல் வேண்டும் என்பதை மறுப்பாரில்லை. ஆயினும் வில்லியனூரின் எல்லை விழுப்புரத்தையும், பாகூரின் எல்லை கடலூரையும் தழுவிக் கிடக்கின்றன. வாய்க்காலுக்கு அப்பாலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த மருமகள், தன் தந்தையின் பெயரைத் தமிழ்நாட்டுப் பழைய பட்டியலில் தேட வேண்டியவள் ஆகிறாள். படிவத்தைப் படிக்கத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் அவள் பெயர் நிற்கும். இல்லையேல்?

இவ்வரலாறு தரும் முடிபு ஒன்றுண்டு. பட்டியலை எழுதும் கை ஊர்ப் பெரியவர்க்கும் கட்டுப்படலாகாது, தலைநகர்க்கும் கட்டுப்படலாகாது. நடுநிலையான ஆணையம் அதனை எழுதட்டும். ஆனால் எழுதியதை ஊர் படித்தல் வேண்டும். பெயரை நீக்குமுன் அதற்குரியவரைத் தேடிச் சென்று கேட்டல் வேண்டும். ஐந்தாண்டுக்கொருமுறை ஊராட்சித் தேர்தல் தவறாது நடத்தல் வேண்டும். யார் அதிகாரம் பெரிது என்னும் வழக்கில் வாக்காளரின் காலம் கரைதல் ஆகாது.

இதிற் கவிஞர்க்கு என்ன பணி என்று கேட்கலாம். பாவேந்தர் பாரதிதாசன், பிரெஞ்சு ஆட்சி நீங்கியபின் தேர்தலில் நின்று சட்டமன்றம் புகுந்தவர். அனைவர்க்கும் அது இயலாது. வரைவுப் பட்டியல் வெளியாகும் நாளில் ஊர்ப் பொதுவிடத்தில் அமர்ந்து, எழுத்தறியாதார் கேட்க அதனை உரக்கப் படித்தல் எவர்க்கும் இயலும். சொல்லின் அருமை அறிந்தோர் நிறைந்த இவ்வட்டம், பெயர் என்னும் அச்சொல்லையும் காத்து நிற்குமாயின் அதன் அடுத்த பத்தாண்டும் சிறக்கும்.