தலைமையும் திருவருளும்

(வாலிபர் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



தலைமையிலும் வெற்றியிலும் இறைவன் செயலைக் காண்பது எங்ஙனம் என்பது பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்துள்ளனர். பொருள் பெரிது. ஆயினும் வாயாற் சொல்லுவதற்கு இதனிலும் எளியது வேறில்லை. 'எல்லாம் அவன் செயல்' என்று கடைப் பலகையிலும் கலியாண அழைப்பிதழிலும் எழுதுகிறோம். பிள்ளைக்கு உயர்தரப் பரீட்சையில் மூன்று 'ஏ' கிடைத்தால் நல்லூர் முருகனுக்கு அருச்சனை செய்கிறோம். நல்லதே. ஆனால் அடுத்த வீட்டுப் பிள்ளை சித்தியெய்தவில்லை. அந்த வீட்டாரும் நல்லூருக்குத்தான் போய் வந்தார்கள். வென்றவர் வாயில் 'அருள்' என்று வருவது தோற்றவர் வாயில் 'விதி' என்று வருகின்றது. 2009இல் முடிந்த போரிலே பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் இந்நாட்டில் எத்தனை பேர்! அவர்களில் ஒருவர் முன்னே நின்று, எமக்குக் கிடைத்த உத்தியோகமும் மாடிவீடும் ஆண்டவன் எம்மேல் வைத்த அருளுக்கு அடையாளம் என்று சொல்ல எமக்குத் துணிவு உண்டா? இல்லை, இருக்கவும் கூடாது. ஆகவே கிடைத்த பயனைக் கொண்டு அருளை அளக்கும் வழக்கத்தை ஒதுக்கிவைத்துவிட்டு மேலே பேசுவோம்.

அப்படியாயின் அருளை எங்கே காண்பது? தொலைவிலே தேட வேண்டுவதில்லை. வண்ணார்பண்ணைக்குப் போவோம்.

நல்லூரிலே 1822இல் பிறந்த ஆறுமுக நாவலர் அவர்கள், பேர்சிவல் பாதிரியாருடன் இருந்து விவிலியத்தைத் தமிழாக்கும் பணியில் உதவியவர். ஆங்கிலமும் தமிழும் கற்ற இளைஞர். வெள்ளையரிடத்தில் மதிப்பும் வருவாயும் இருந்தன. அவ்வாறிருந்தும், 1847ஆம் ஆண்டின் கடைசி நாளிலே வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அங்கே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அதற்குப் பணம் எங்கே? வீடுகள்தோறும் பிடியரிசி சேர்த்துப் பள்ளிக்கூடத்தை நடத்தினார்கள். உலையிலே அரிசி போடும்போது ஒரு பிடியை எடுத்து வேறு பானையில் இட்டுவைத்த பெண்களே அந்த வித்தியாசாலைக்கு முதற் கொடையாளர் என்று நாம் கருதுகிறோம். 1849இல் அச்சியந்திரம் வாங்கத் தமிழகம் சென்றபொழுது திருவாவடுதுறை ஆதீனத்தார் 'நாவலர்' என்னும் பட்டம் சூட்டினர். 1864இல் சிதம்பரத்திலும் ஒரு வித்தியாசாலை எழுந்தது. 1877ஆம் ஆண்டுப் பஞ்சத்திற் கஞ்சித்தொட்டி வைத்துப் பசித்தோரைக் காத்தார்.

இவையெல்லாம் எல்லாரும் அறிந்த வெற்றிகள். நாம் இன்று சிறப்பாகக் கருதவேண்டியது அவருடைய ஒரு தோல்வியை. சைவப் பிள்ளைகள் ஆங்கிலம் கற்பதற்காகச் சமயம் மாறவேண்டிய நிலை இருத்தலாகாது என்று, 1872இல் வண்ணார்பண்ணையிலே சைவாங்கில வித்தியாசாலை ஒன்றைத் தொடக்கினார். பொருள் முட்டுப்பாட்டினால் அது சில ஆண்டுகளுள் மூடப்பட்டது. நாவலர் 1879 மார்கழி 5இல் சிவபதமடைந்தார். கண்மூடும்போது அந்தப் பள்ளிக்கூடம் இல்லை.

ஆனால் அந்த எண்ணம் இறக்கவில்லை. 1888இல் சைவபரிபாலன சபை தோன்றிற்று. 1890இல் அச்சபையார் ஓர் ஆங்கிலப் பாடசாலையை ஏற்று, அதே வண்ணார்பண்ணையில் நடத்தினர். அதுவே யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி. நாவலர் தம் கண்ணாற் காணாததை எத்தனையோ தலைமுறைப் பிள்ளைகள் கண்டுவிட்டார்கள். 1872இல் நடந்தது தோல்வியா, வெற்றியா? மனிதக் கணக்கிலே தோல்விதான். அந்தக் கணக்கை முடித்து ஒப்பமிடும் உரிமை எமக்கு இல்லை என்பதை மட்டும் 1890 எமக்குக் காட்டுகின்றது.

நாவலர் 1852இல் வசனமாக அச்சிட்ட பெரியபுராணத்திலே பூசலார் நாயனார் சரிதம் உண்டு. காடவர்கோன் கச்சியிலே கற்றளி எடுத்துக் குடமுழுக்குக்கு நாள் குறிக்கிறான். முதல் நாள் இரவு இறைவன் கனவிலே தோன்றி, நாளை நாம் நின்றவூர்ப் பூசல் எடுத்த கோயிலிற் புகுவோம், உன் விழாவைப் பின்னர் வைத்துக்கொள் என்கிறார். அரசன் நின்றவூர் போய்க் கோயிலைத் தேடுகிறான். கோயிலே இல்லை. பூசலார் அதனை மனத்திலன்றோ கட்டியிருந்தார்! இச்சரிதத்திற் பூசலாரையே நாம் புகழ்வது வழக்கம். அரசனையும் சற்று நினைக்க வேண்டும். பொன்னும் ஆளும் கொட்டிக் கட்டியவன். தன் விழா தள்ளிப்போயிற்று என்று சினக்கவில்லை. ஏழை அந்தணர் ஒருவரைத் தேடிச் சென்று நிலத்தில் வீழ்ந்து வணங்கினான். எம்மூரில் உபயத் திருவிழா ஒன்று நாள் மாறினால் வழக்கறிஞர் வீட்டு வாசலில் நிற்போர் உண்டு. காடவர்கோன் கதையை ஆண்டுதோறும் கோயில் நிர்வாக சபைகளில் ஒருமுறை வாசிக்கலாம்.

நாவலர் வாழ்வின் கடைசி ஆண்டிலே இன்னொன்று நடந்தது. சேர் முத்துக் குமாரசுவாமி 1879இல் காலமானார். சட்டநிரூபண சபையிலே தமிழருடைய இடத்துக்கு இருபத்தெட்டு வயதுப் பொன்னம்பலம் இராமநாதனே தக்கவர் என்று நாவலர் வண்ணார்பண்ணையிற் கூட்டங் கூட்டி ஆதரித்தார். ஆதரித்த சில மாதங்களில் அவர் இல்லை. இராமநாதன் 1913இல் மருதனார்மடத்திலே பெண்களுக்கு ஒரு கல்லூரியையும், 1921இல் திருநெல்வேலியிலே பரமேசுவராக் கல்லூரியையும் நிறுவினார். 1930இல் அவரும் மறைந்தார். 1974இல் பரமேசுவராக் கல்லூரி வளவிலேயே பல்கலைக்கழக வளாகம் திறக்கப்பட்டது. அது திருகோணமலையிலே அமையவேண்டும் என்று வாதித்தவர்களும் அன்று தமிழரிடையே இருந்தார்கள். எவர் எதை நினைத்துச் செய்தாலும், இராமநாதன் கட்டிய சிவன் கோயில் இன்று பல்கலைக்கழகத்தின் நடுவே நிற்கிறது.

இவ்விருவரையும் பிழையற்றவர் என்று நாம் சொல்ல வரவில்லை. நாவலர் சாதி வேற்றுமையை விட்டாரல்லர். இராமநாதன் சர்வசன வாக்குரிமையை எதிர்த்தார். அவர் எதிர்த்தும் 1931இல் அது வந்தது. வந்தது நன்று. கருவியிலே குறை இருக்கும். தச்சன் அதனைக் கொண்டும் வேலை செய்கிறான். உளியின் கூரை வியந்து உளிக்குப் பூச்சூட்டுவதும், அதன் மொட்டையைக் கண்டு நிலைக்கதவே தவறு என்பதும் ஒரே அறியாமையின் இரண்டு பக்கங்கள்.

இளைஞர்களே, இன்று மாலை நீங்கள் புதிய நிர்வாக சபையைத் தெரிவுசெய்யப் போகிறீர்கள். எவரிடத்தே திருவருள் நிற்கின்றது என்று வாக்குச் சீட்டிலே தெரியாது. தெரிவானவர் தம் காலம் முடிந்து பதவியிறங்கிய பின்னர், அடுத்த தேர்த்திருவிழாவுக்குத் தண்ணீர்ப்பந்தலில் வந்து நிற்கிறாரா என்று பாருங்கள். தாம் தொடங்கிய இரவு வகுப்பை வேறொருவர் தம்மிலும் நன்றாக நடத்தும்போது அவர் முகம் வாடுகிறதா, மலர்கிறதா என்று பாருங்கள். நாமும் சில ஆண்டுகள் பதவியில் இருந்தவர்கள். முகம் மலர்வது அத்தனை எளிதன்று.

செயலாளருக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டறிக்கையிலே நன்கொடையாளர் பெயர்கள் தொகைவாரியாக அச்சாகியுள்ளன. வித்தியாசாலைக்குப் பிடியரிசி தந்த பெண்களின் பெயர்கள் எந்த நூலிலும் எமக்குக் கிடைக்கவில்லை. சென்ற மழைக்காலத்திலே வெள்ளம் நின்றபோது இச்சங்க மண்டபத்தில் அடுப்பு மூட்டிய தாய்மார் இதோ பின்வரிசையில் இருக்கிறார்கள். அவர்களுடைய பெயர்களைக் கேட்டு எழுதி, தொகைப் பட்டியலுக்கு முன்பாகச் சேர்த்துவிடுங்கள்.