அண்டை வீட்டாரும் பங்குகொள்ளும் கோபம்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சென்ற கூட்டத்தில் இளைஞர்கள் சிலர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்கள். 1991 டிசம்பரை நினைவுகூரும் தீர்மானம். அதில் ஒரு வரி: "கன்னடர்களைக் கண்டிக்கிறோம்." அந்த வரி இருக்கலாமா, கூடாதா என்பதில் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. அதைப் பற்றித்தான் இன்று பேசுகிறோம்.

கோபமே தவறு என்று உபதேசம் செய்ய நாங்கள் வரவில்லை. 1991 ஜூன் 25 அன்று, தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 205 டி.எம்.சி. தண்ணீர் வர வேண்டும் என்று காவிரி நடுவர் மன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. டிசம்பர் 11-இல் மத்திய அரசு அதை அரசிதழில் வெளியிட்டது. 12, 13 தேதிகளில் பெங்களூர் எரிந்தது. 15 பேருக்கு மேல் மாண்டார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு தமிழ்நாட்டுக்கு ஓடினார்கள். எங்கள் வயதுக்காரர்கள் அன்று பள்ளிப் பிள்ளைகள். கதவில் இருந்த தமிழ் எழுத்தைச் சுரண்டி எடுத்த அப்பாக்களையும், "பஸ்ஸில் வாய் திறக்காதே" என்று சொன்ன அம்மாக்களையும் பார்த்து வளர்ந்தவர்கள். எங்களுக்குக் கோபம் வராதா? அடிபட்டும் கோபம் வராதவன், தானும் ஒரு மனிதன் என்பதையே மறந்தவன்.

ஆனால், எந்தக் கோபம்? யார் மீது? எவ்வளவு?

நாங்கள் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவர்கள். ஆனாலும் கேட்டதைச் சொல்கிறோம். பொருளாதாரத்துக்குப் பேர்போன ஆடம் ஸ்மித், 1759-இல் மனிதனின் அற உணர்ச்சிகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். தற்காப்புக்காக இயற்கை தந்ததே கோபம், நியாயத்துக்கு அதுவே காவல் என்றார். கூடவே ஒன்றைக் கவனித்தார். அழுகிறவனைக் கண்டால் உடனே இரங்குகிறோம். கோபக்காரனைக் கண்டால் அப்படி இல்லை, தயங்குகிறோம். அந்தக் கோபத்துக்கு ஆளாகிறவன் மீதும் நமக்கு இரக்கம் இருக்கிறது. ஆகவே காரணம் கேட்கிறோம். சம்பந்தமில்லாத ஒரு நடுநிலையாளன் கூட வரக்கூடிய அளவுக்குக் கோபம் தணிந்தால்தான் அது நியாயமான கோபம் என்றார் ஸ்மித்.

இதற்குப் புத்தகம்கூட வேண்டாம், தோழர்களே! டிக்கெட் கவுண்டரில் தினமும் பார்க்கிறோம். ஒருவன் வரிசையில் புகுந்துவிடுகிறான். "நாங்கள் நிற்பது தெரியவில்லையா?" என்று பின்னால் நிற்பவர் சத்தம் போடுகிறார். வரிசை முழுவதும் அவர் பக்கம் சேர்கிறது. அடுத்த நிமிடம் அவர் புகுந்தவனின் சாதியைச் சொல்லி, தாயைச் சொல்லி, மொழியைச் சொல்லி ஏசுகிறார். வரிசை மௌனமாகிவிடுகிறது. நியாயம் அவர் பக்கம்தான் இருந்தது. ஆதரவு மட்டும் போய்விட்டது.

இன்னொரு பாடமும் உண்டு. பத்துப் பேர் கத்தினால் பதினோராவது ஆளும் கத்துகிறான். அது உணர்வில் பங்குகொள்வது ஆகாது, தொற்றிக்கொள்வது. மாக்ஸ் ஷெலர் என்ற ஜெர்மானிய அறிஞர் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார். பங்குகொள்பவனுக்கு அது யாருடைய வலி என்று தெரியும். தொற்றிக்கொண்டவனுக்கு அது தெரியாது. 2016 செப்டம்பர் 12-ஆம் தேதி இந்த ஊரில் பஸ்களுக்கும் லாரிகளுக்கும் தீ வைத்தவர்களில் எத்தனை பேர் மண்டியா விவசாயியின் காய்ந்த வயலைப் பார்த்திருப்பார்கள்?

நம் பக்கமும் சுத்தமில்லை. அந்த நாட்களில்தான் ராமேஸ்வரத்தில் கர்நாடக வண்டி ஓட்டி வந்த டிரைவரை அடித்தார்கள். சென்னையில் கன்னடர் ஓட்டல் ஒன்றைத் தாக்கினார்கள். அதைக் கண்டித்து நாம் எத்தனை தீர்மானம் போட்டோம்? வயிற்றுப் பிழைப்புக்காக வந்த இடத்தில் அடிபடுவது என்னவென்று நம்மைவிட யாருக்குத் தெரியும்?

1991-இல் எங்கள் லைன் வீட்டில் ஒரு கன்னட அஜ்ஜி இருந்தார். தமிழ்ப் பிள்ளைகளைத் தம் வீட்டுக்குள் விட்டுவிட்டு, "எல்லாம் என் பேரப்பிள்ளைகள்" என்று வாசலில் நின்றார். அப்படிப் பிழைத்தவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறோம். "கன்னடர்களைக் கண்டிக்கிறோம்" என்றால் அந்த அஜ்ஜியையும் சேர்த்தா?

அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடிக் கிடந்தது. வெகுளாமைக்கு ஓர் அதிகாரமே எழுதியவருக்கு அந்தக் கதி! 2009 ஆகஸ்ட் 9-இல் அது திறக்கப்பட்டது. நான்கே நாளில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. அதில் அரசியல் கணக்கு இருந்திருக்கலாம். இருந்தாலும் ஒருவர் பெரியவருக்கு மற்றவர் ஊரில் இடம் கிடைத்தது. 2018 பிப்ரவரி 16-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பில் பெங்களூர் குடிநீருக்கென்று கூடுதலாக 4.75 டி.எம்.சி. ஒதுக்கினார்கள். அதைக் குடிப்பவர்களில் நாமும் உண்டு.

ஆகவே நாங்கள் சொல்வது இதுதான். தீர்மானம் வேண்டும். தீ வைத்தவர்களை, ஏவிவிட்டவர்களை, தடுக்கத் தவறிய அதிகாரிகளைக் கண்டிப்போம். ராமேஸ்வரத்தில் அடித்தவர்களையும் அதே மூச்சில் கண்டிப்போம். அந்த ஒரு வரியை எடுத்துவிடுவோம். தீர்மானத்தைக் கன்னடத்திலும் எழுதி, நம்மோடு வேலை செய்யும் கன்னடத் தோழர்களிடம் கையெழுத்துக் கேட்போம்.

போடமாட்டேன் என்பவரும் இருப்பார். அதனால் நம் வலி பொய்யாகிவிடாது. ஏன் என்று கேட்போம். அவர் சொல்வதில் நியாயம் இருந்தால் திருத்துவோம். இல்லையென்றால் மறுபடியும் போவோம். ஒருவர் போட்டாலும் போதும், நம் கோபத்துக்கு ஒரு துணை கிடைத்தது.