இரவுப் பணியும் பகல் தூக்கமும்



நான் பார்க்கும் வேலையைச் சொன்னால் பலர் சிரிப்பார்கள். ஒரு மருத்துவமனையின் தூக்கப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீசியனாக இருக்கிறேன். "அடுத்தவங்க தூங்குறதைப் பார்க்கறதுக்குச் சம்பளமா?" என்று எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் கேட்டார். ஆமாம், அதற்குத்தான் சம்பளம். அவர்கள் தூங்க வேண்டுமானால் நான் தூங்காமல் இருக்க வேண்டும். இரவு 8 மணிக்கு உள்ளே போனால் காலை 7 மணிக்குத்தான் வெளியே வருவேன். உங்கள் வீடுகளிலும் இப்படி இரவில் வேலைக்குப் போகிறவர்கள் இருப்பார்கள். நூல் மில்லில் நைட் ஷிப்டு, நர்சு வேலை, 108 வண்டி, வாட்ச்மேன் வேலை, லாரி ஓட்டுவது என்று எத்தனையோ உண்டு. அவர்களுக்காகவும், அவர்களோடு குடித்தனம் நடத்துகிறவர்களுக்காகவும்தான் இன்று பேசுகிறேன்.

முதலில் அந்தக் கூடத்தில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பரிசோதனைக்கு வந்தவரின் தலையிலும், கண் ஓரத்திலும், தாடையிலும், நெஞ்சிலும், காலிலும் மெல்லிய ஒயர்களை ஒட்டுவோம். மூக்கின் கீழே ஒரு சிறு குழாய். நெஞ்சிலும் வயிற்றிலும் ஒவ்வொரு பட்டை. விரலில் ஒரு கிளிப். "ஷாக் அடிக்குமாம்மா?" என்று கேட்காதவர்கள் குறைவு. அடிக்காது. உடம்பில் நடப்பதை அந்த ஒயர்கள் பதிவு செய்கின்றன, அவ்வளவுதான். பிறகு விளக்கை அணைத்துவிட்டு நான் பக்கத்து அறையில் திரை முன் உட்காருவேன். அரை நிமிடத்துக்கு ஒரு பக்கம் என்று ஓடும். 8 மணி நேரத் தூக்கம் என்றால் 960 பக்கங்கள்.

அந்தப் பக்கங்களில் என்ன தெரியும்? ஒருவர் பலமாகக் குறட்டை விடுவார். திடீரென்று குறட்டை நின்றுபோகும். அப்பாடா, நிம்மதியாகத் தூங்குகிறார் என்று நினைக்காதீர்கள். தொண்டை அடைத்துக்கொண்டிருக்கும். மூக்கில் காற்று இல்லை. நெஞ்சும் வயிறும் மட்டும் இழுத்து இழுத்துப் பார்க்கும். 10 வினாடி, 20 வினாடி, சிலருக்கு அதற்கும் மேல். ரத்தத்தில் பிராணவாயு இறங்கும். உடனே மூளை தட்டி எழுப்பும், ஒரு பெரிய மூச்சு, மறுபடியும் குறட்டை. இப்படி மணிக்கு 30 தடவையும் அதற்கு மேலும் நடந்தால் நோய் கடுமை என்று டாக்டர்கள் சொல்லுவார்கள். ஆனால் அந்த மனிதருக்கு ஒன்றுமே தெரியாது. காலையில் "நல்லாத்தான் தூங்கினேன்" என்பார். தெரிந்தவர் ஒருவர்தான்: பக்கத்தில் படுக்கிற மனைவி. பெண்களுக்கும் இது வருவதுண்டு. அப்போது சொல்ல வேண்டியவர் கணவர்.

சரி, தூங்குகிறவர் கதை இது. விழித்திருக்கிறவர் கதைக்கு வருகிறேன்.

இரவு 12 மணி வரை எனக்குச் சிரமம் இல்லை. 3 மணிக்கு மேல்தான் சோதனை. உடம்பின் சூடு குறையும். கண் எரியும். படித்த வரியையே திரும்பப் படிப்போம். இது சோம்பேறித்தனம் இல்லை. நம் உடம்புக்குள்ளேயே ஒரு கடிகாரம் இருக்கிறது. சூரிய வெளிச்சத்தைப் பார்த்துத்தான் அது தன்னைச் சரிசெய்துகொள்கிறது. அந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று கண்டுசொன்ன மூன்று விஞ்ஞானிகளுக்கு 2017-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். "போகப் போகப் பழகிடும்" என்று ஊரில் சொல்லுவார்கள். வேலை பழகும்; உடம்பின் கடிகாரம் அவ்வளவு லேசில் பழகாது. காலையில் வெயிலில் வீடு திரும்புகிறோமே, அந்த வெயிலே அதைப் பழையபடி பகலுக்குத் திருப்பிவிடும். அதனால்தான் பகலில் படுத்தால் தூக்கம் அரைகுறையாகப் போகிறது.

அதற்கு மேல் வீடு வேறு. எனக்குக் கல்யாணமான புதிதில் காலை 9 மணிக்குப் படுப்பேன். 10 மணிக்கு கேஸ் சிலிண்டர் வண்டி. 11 மணிக்குச் சீட்டுக் காசுக்குப் பக்கத்து வீட்டு அக்கா. 12 மணிக்கு என் மாமியார், "சாப்பிட்டுட்டுப் படு கண்ணு" என்று எழுப்புவார். அன்பாகத்தான் எழுப்புவார், ஆனாலும் தூக்கம் போனது போனதுதான். "மருமக பகல்ல படுத்துக் கிடந்தா வீட்டுக்கு மூதேவி" என்று வந்து போகிற உறவுக்காரர்கள் சொல்வதும் காதில் விழும். கடைசியில் என் வீட்டுக்காரர்தான் ஒரு நாள் அவரிடம், "ஏம்மா, ராத்திரி 12 மணிக்கு உன்னை எழுப்பிச் சோறு போட்டா நீ சாப்பிடுவியா?" என்று கேட்டார். மாமியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. மறுநாளிலிருந்து சிலிண்டரையும் சீட்டுக் காசையும் அவரே பார்த்துக்கொண்டார். வந்தவர்களிடம், "பிள்ளை ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சுட்டு வந்திருக்குது, மெதுவாப் பேசுங்க" என்றும் சொல்லத் தொடங்கினார்.

ஆண் இரவுப் பணிக்குப் போனால் வீடே மெதுவாக நடக்கிறது. பெண் போய்விட்டு வந்தால், வந்ததும் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டியிருக்கிறது. கணவன்மார் இதை மனதில் வைக்க வேண்டும். காலைச் சமையலும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதும் அன்று யார் பொறுப்பு என்று முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். படுக்கிற இடம் எவ்வளவு இருட்டாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. தனி அறை இல்லாவிட்டால் ஜன்னலுக்குக் கெட்டியான பழைய போர்வையைக் கட்டுங்கள். கண்ணின் மேல் ஒரு கறுப்புத் துணி. செல்போனை வீட்டிலிருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். வேலைக்குக் கிளம்பும் முன் சாயங்காலம் ஒரு மணி நேரம் கண் அயர்ந்தால் நடுநிசி தாங்கும். காபி, டீயை இரவின் முன்பாதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குடித்த காபியின் வேகம் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். தூக்கம் வருவதற்காக மது குடிப்பது கூடவே கூடாது. அது தூக்கத்தைத் துண்டு துண்டாக்கும். குறட்டைக்காரருக்குத் தொண்டையை இன்னும் அடைக்கும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுவேன். விடிய விடிய விழித்துவிட்டு கண் சொருகும்போது மோட்டார் சைக்கிளை எடுக்காதீர்கள். பஸ்ஸில் வாருங்கள், இல்லாவிட்டால் அங்கேயே அரை மணி நேரம் தலை சாய்த்துவிட்டுக் கிளம்புங்கள். வீட்டில் இருப்பவரும் "ஏன் லேட்டு?" என்று கேட்டுக் கேட்டு விரட்ட வேண்டாம்.

குடும்ப நலத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. மாலா-என் போன்ற மாத்திரை சாப்பிடும் தாய்மார்கள் "படுக்கப் போகும்போது" என்று வழக்கம் வைத்திருப்பார்கள். ஷிப்டு மாறினால் படுக்கும் நேரமும் மாறும், மாத்திரை விட்டுப்போகும். அதனால் சாயங்காலம் 6 மணி என்று ஒரு கடிகார நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். வேலையானாலும் லீவானாலும் அதே நேரம். கர்ப்பமாக இருந்தால் இரவுப் பணி செய்வதை டாக்டரிடமும் கிராம சுகாதார நர்சிடமும் முதல் தடவையே சொல்லிவிடுங்கள். பகல் ஷிப்டு கேட்பதற்கு அவர்கள் யோசனை சொல்லுவார்கள். இன்னொன்று, தூக்கம் கெட்ட மனிதருக்குக் கோபம் சீக்கிரம் வரும். ஷிப்டு முடிந்து வந்த காலையில் கடன் கணக்கு, கொழுந்தனார் விவகாரம் எல்லாம் எடுக்காதீர்கள். தூங்கி எழுந்து இருவரும் சேர்ந்து ஒரு வேளை சாப்பிட்ட பிறகு பேசினால் பாதிச் சண்டை குறையும். வாரம் ஒரு நாளாவது இருவருக்கும் ஒரே ராத்திரி லீவு கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

குறட்டை விடுகிறவர் பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கி விழுந்தாலோ, மூச்சு நின்று நின்று வருவதைத் துணைவர் கவனித்தாலோ, ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்த அழுத்தம் இருந்தால் இன்னும் முக்கியம். எந்த ஆஸ்பத்திரியில் பரிசோதனை செய்யலாம் என்று அவர் சொல்லுவார். இதற்கு வைத்தியம் இருக்கிறது. மூக்கின் வழியே காற்றை அழுத்தி அனுப்பி, தொண்டை அடைக்காமல் காக்கும் கருவியை 1981-லேயே ஆஸ்திரேலியாவில் டாக்டர் காலின் சல்லிவன் செய்து காட்டிவிட்டார். உடம்பின் எடையைக் குறைத்தே பலன் கண்டவர்களும் உண்டு.

பரிசோதனைக்கு வரும் அன்று மத்தியானத்துக்கு மேல் காபி வேண்டாம். குளித்துவிட்டு வாருங்கள், தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள், எண்ணெய்த் தலையில் ஒயர் ஒட்டாது. வழக்கமான தலையணை வேண்டுமானால் எடுத்து வாருங்கள். முடிந்தால் மனைவியோ கணவரோ கூட வரட்டும். வீட்டில் ராத்திரி அவர் என்ன கேட்டார், என்ன பார்த்தார் என்று விளக்கை அணைக்கும் முன்பே நான் எழுதி வைத்துக்கொள்வேன்.