தச்சரின் முதல் பெட்டி

தச்சு வேலை பழகுபவருக்கு உளியும் வாளும் இழைப்புளியும்தான் முதல். அவற்றைச் சாக்கில் கட்டி வைத்தால் என்ன ஆகும்? மழை ஈரத்தில் துருப்பிடிக்கும். ஒன்றோடொன்று உரசிக் கூர் மழுங்கும். வேலைக்குப் போன இடத்தில் உளி தீட்டுவதிலேயே பொழுது போகும். கூலி யார் தருவார்? அதனால் அவர் முதலில் தமக்கென ஒரு பெட்டி செய்துகொள்வது நல்லது.

தேக்கு வேண்டியதில்லை. வேம்பு போதும். ஆனால் பலகை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பச்சை மரம் பிறகு சுருங்கும், கோணும்.

அளவில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். 2 அடி வாள் வைக்க வேண்டும் என்று நீளப் பலகையை 24 அங்குலத்தில் அறுத்துவிடுகிறார்கள். பக்கப் பலகை இரண்டும் அதற்குள் அல்லவா உட்காரும்? ஒவ்வொன்றும் முக்கால் அங்குலக் கனம். ஒன்றரை அங்குலம் போய்விட்டது. வாள் உள்ளே போகாது. இருபத்தைந்தரை அங்குலம் அறுக்க வேண்டும். அறுத்த பலகை வளராதே!

நான்கு பலகைகளையும் சேர்த்ததும் மூலைக்கு மூலை நூல் பிடித்துப் பாருங்கள். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால் மூலை சரி. இல்லையென்றால் நீளமான குறுக்கின் இரு மூலைகளையும் உள்நோக்கி அழுத்துங்கள். பிறகு அடிப்பலகையை அடிக்கலாம். அதன் கீழே இரண்டு கட்டைகள் வைத்தால் தரை ஈரம் ஏறாது. மூடிக்கு இரண்டு கீல், பூட்டுக்கு ஒரு கொண்டி. உளிக்கு எண்ணெய் தடவி உள்ளே வையுங்கள்.