பள்ளியாசிரியர் வகுத்த பந்தாட்டம்



உப்பலில் வாழும் நம்மவர்க்கு விளையாட்டு என்றதும் அவ்வூர்க் கிரிக்கெட் அரங்கமே நினைவில் எழும். அங்கிருந்து நகருக்குள் செல்லும் வழியில் உஸ்மானியாப் பல்கலைக்கழகம் இருக்கிறதல்லவா? 1909இல் பிறந்த சையது அப்துல் ரஹீம் அங்கே பயின்று, அதன் கால்பந்துக் குழுவிலும் ஆடியவர். பின்னர் பள்ளியாசிரியரானார். 1950 முதல் ஐதராபாத் நகரப் போலீஸ் குழுவுக்குப் பயிற்சியளித்தார். அவ்வாண்டு தொடங்கி 1954 வரை, பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை அக்குழு ஐந்து முறை இடைவிடாது வென்றது.

அவர் பயிற்றிய முறையிலே ஆசிரியரின் கை தெரிகிறது. பந்தைத் தாமே உருட்டிக்கொண்டு ஓடுவதைத் தடைசெய்து இளைஞர்களுக்குப் போட்டி நடத்தினார். தோழனுக்குத் தட்டிக்கொடுத்தே முன்னேற வேண்டும். பழகாத காலாலேயே உதைக்க வேண்டும் என்று மற்றொரு போட்டி வைத்தார். வலக்கைப் பிள்ளையை இடக்கையால் எழுதச் சொன்னால் எப்படித் திண்டாடும்! ஆயினும் சில திங்களில் இரு கால்களும் ஒத்து இயங்கின.

செகந்தராபாதை அடுத்த அம்முகுடாவில், ஏழைத் தமிழ்க் குடும்பத்தில் 1936இல் பிறந்தவர் துளசிதாஸ் பலராம். பயிற்சிக்கு வந்துபோகப் பணமில்லாத அவ்விளைஞருக்கு ரஹீம் மிதிவண்டி ஒன்றுக்கு வழிசெய்தார். அந்தப் பலராம்தான் 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கும் பெருவுக்கும் எதிராகக் கோலடித்தார். ஐதராபாத்தில் பிறந்து, மெட்ராஸ் ரெஜிமெண்டு மையத்தில் உருவான பீட்டர் தங்கராஜ், இந்தியாவின் கோல் காத்தார்.

ரஹீமின் பயிற்சியில் இந்தியா 1951இல் ஆசியத் தங்கம் பெற்றது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றது. எனினும் 1962 ஜகார்த்தாவே அவரை முழுமையாகச் சோதித்தது. அப்பொழுதே அவர் உடல்நலம் குன்றியிருந்தார். முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0–2 என்று தோல்வி. இஸ்ரேலையும் தைவானையும் விலக்கியதை இந்திய அதிகாரி சோந்தி கண்டித்ததால், அரங்கிலே நம் ஆட்டக்காரர்களை எள்ளிக் கூச்சலிட்டனர். தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்குக்கோ தலையில் காயம், தையல். ரஹீம் அவரை ஓய்வுக்கு அனுப்பவில்லை, முன்னணியில் நிறுத்தினார்! துணிவா, மிஞ்சிய துணிவா என்று எவரும் கேட்டிருப்பர்.

செப்டம்பர் 4ஆம் நாள் இறுதியாட்டம். எதிரே அதே கொரியா. கோலிலே தங்கராஜ், முன்வரிசையிலே பலராம். பி. கே. பானர்ஜி ஒன்று அடித்தார். தையலிட்ட தலையோடு நின்ற ஜர்னைல் மற்றொன்று. 2–1 என்ற கணக்கில் தங்கம் நமதாயிற்று.

அடுத்த ஆண்டு, 1963 ஜூன் 11ஆம் நாள், ரஹீம் புற்றுநோயால் மறைந்தார். பலராம் 2023இல் காலமானார். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் 1970இல் நமக்கு ஒரு வெண்கலம் கிடைத்தது. தங்கம் பின்னர் கிடைத்ததில்லை.