காமிராவும் மின்கலமும்

தொழிலின் பொருட்டோ உத்தியோகத்தின் பொருட்டோ டில்லி, மும்பை, கொல்கத்தா, ஜாம்ஷெட்பூர் முதலிய ஊர்களில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு நிழற்படம் வெறும் அலங்காரப் பொருள் அன்று. ஊரில் இருக்கும் முதியோருக்கும் இங்கே வளரும் சிறுவருக்கும் இடையே உள்ள உறவுக்கு அதுவும் ஒரு பாலம். இங்கே ஒரு திருமணமோ சீமந்தமோ அறுபதாம் கல்யாணமோ நடக்கும்போது, பயணம் செய்ய இயலாத பாட்டனும் பாட்டியும் அதைக் கண்டு மகிழ்வது படத்தின் வாயிலாகத்தான். படம் எடுக்கும் கருவி எத்துணை விலை உயர்ந்ததாயினும், அதனுள்ளே இருக்கும் மின்கலம் ஓய்ந்துவிட்டால் அது வெறும் கண்ணாடியும் உலோகமுமே ஆகும். மாங்கல்யதாரணம் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும்; பாட்டரி தீர்ந்துவிட்டது என்பதற்காகப் புரோகிதரை இன்னொரு முறை நடத்தச் சொல்ல இயலாது. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பார்கள். இக்காலத்துக் காமிராவுக்கு அந்தச் சுவர் மின்கலமே. ஆதலின், திரும்பத் திரும்ப மின்சாரம் ஏற்றிப் பயன்படுத்தும் மின்கலங்களை எவ்வாறு தேர்ந்து வாங்குவது, எவ்வாறு பேணுவது என்பதை இன்று ஆராய்வோம்.

மின்சாரம் ஏற்றிக்கொள்ளும் கலம் புதுமையான பொருள் அன்று. 1859இல் பிரெஞ்சு நாட்டறிஞர் பிளாண்டே ஈயத் தகடுகளையும் அமிலத்தையும் கொண்டு முதன்முதலில் அதைச் செய்தார். 1899இல் சுவீடன் நாட்டு யுங்னர் நிக்கல், காட்மியம் என்னும் இரு உலோகங்களைக் கொண்ட கலத்தை அமைத்தார். காட்மியம் நச்சுப்பொருள் ஆகையால், அதற்கு மாற்றாக நிக்கல் உலோக ஹைட்ரைடு கலம் 1990ஐ ஒட்டிக் கடைகளுக்கு வந்தது. 1991இல் லித்தியம் அயனிக் கலம் விற்பனைக்கு வந்தது. இதற்கு வழிகோலிய குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று படம் எடுப்போர் கையில் உள்ளவை பெரும்பாலும் பின்னர்ச் சொன்ன இரண்டு வகைகளே. காமிராவின் உள்ளே பொருத்துவது லித்தியம் பாட்டரி; பிளாஷ் விளக்கிலும் அதை இயக்கும் சிறு கருவிகளிலும் இடுவது, பென்சில் செல் என்று கடைக்காரர் சொல்லும் நிக்கல் வகை. இரண்டின் இயல்பும் வேறு. பேணும் முறையும் வேறு.

முதலில் பென்சில் செல்லை எடுத்துக்கொள்வோம். பயன்படுத்தி எறிந்துவிடும் ஆல்கலைன் செல்லின் மின்னழுத்தம் 1.5 வோல்ட், நிக்கல் செல்லின் அழுத்தம் 1.2 வோல்ட். எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் முன்னதே வலியது என்று தோன்றும். பிளாஷ் விளக்கில் நடப்பதோ இதற்கு மாறானது. பிளாஷ் விளக்கினுள் ஒரு மின்தேக்கி இருக்கிறது. செல்கள் தரும் சிறு அழுத்தத்தை ஏறக்குறைய 300 வோல்ட் வரை உயர்த்தி அதில் நிரப்பிய பின்னரே விளக்கு மின்னும். ஒவ்வொரு மின்னலுக்குப் பின்னும் அந்தத் தேக்கியை விரைவில் நிரப்பவேண்டுமானால், செல்லிலிருந்து மிகுதியான மின்னோட்டம் ஒரே வீச்சில் வரவேண்டும். ஆல்கலைன் செல்லின் உட்தடை அதிகம். கேட்ட வேகத்தில் அதனால் கொடுக்க இயலாது. நிக்கல் செல்லின் உட்தடை குறைவு. ஆதலால் அது தாராளமாகக் கொடுக்கும். பெரிய குடத்திலும் வாய் குறுகியிருந்தால் நீர் சொட்டுச் சொட்டாகத்தானே விழும்? பிளாஷுக்கு வேண்டுவது அகன்ற வாய். மாலை மாற்றும்போது மாமன்மார் தோளில் மணமக்கள் ஆடும் வேகத்தைப் பிளாஷும் பின்தொடரவேண்டுமல்லவா?

நிக்கல் செல்லிலும் இரு பிரிவுகள் உண்டு. பழைய முறையில் செய்தவை, சும்மா வைத்திருந்தாலும் ஒரு மாதத்தில் கால்பங்கு மின்சாரத்தை இழந்துவிடக்கூடும். 2005இல் ஜப்பானில் வெளிவந்த புதுவகைச் செல்கள் இக்குறையைப் பெரிதும் நீக்கின; அவை ஓராண்டு சும்மா இருந்தாலும் பெரும்பகுதியைக் காத்து வைத்திருக்கும். ‘முன்கூட்டியே மின்னேற்றியது’, ‘தானாக இறங்காதது’ என்னும் பொருள்பட உறையின்மேல் எழுதியிருப்பார்கள். மாதம் ஒருமுறை காமிராவைத் தொடும் குடும்பத்தினருக்கு இவ்வகையே ஏற்றது.

அடுத்து, செல்லின் கொள்ளளவு. அதை மில்லி ஆம்பியர் மணி என்னும் அலகால் குறிப்பார்கள். பென்சில் அளவில் நல்ல செல்லுக்கு இது 2000 அளவில் இருக்கும். உயர்கொள்ளளவு உள்ளவற்றுக்கு 2500ஐ ஒட்டி இருக்கும். பின்னது ஒரு தடவையில் அதிக நேரம் உழைக்கும். ஆனால் ஆயுளில் ஏற்றி இறக்கக்கூடிய தடவைகள் குறைவு. நாள்தோறும் தொழில் செய்வோர் கணக்கிட்டுப் பார்த்தால் 2000 அளவுள்ளதே சிக்கனம் என்பது விளங்கும். 4000 என்றும் 5000 என்றும் அச்சிட்ட நிக்கல் பென்சில் செல்கள் நடைபாதைக் கடைகளிலும் விற்பனைத் தளங்களிலும் மலிவாகக் கிடைக்கின்றன. அந்த அளவு மின்சாரம் அந்தச் சிறு கூட்டினுள் அடங்காது. எண் பெரிதாக இருப்பதே அது பொய் என்பதற்குச் சான்று.

இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. பென்சில் செல்லின் உருவத்திலேயே 3.7 வோல்ட் லித்தியம் செல் ஒன்றும் கடைகளில் இருக்கிறது. அதன் மேல் 14500 என்று குறித்திருக்கும். நான்கு செல் இடும் பிளாஷ் விளக்குக்கு ஆல்கலைனால் வருவது 6 வோல்ட்; இவற்றை இட்டாலோ 14.8 வோல்ட். விளக்கு அப்போதே பாழாகும். உருவம் ஒன்றாயிருப்பதால் குணமும் ஒன்றாகிவிடாது. வோல்ட் எண்ணைப் படித்த பின்னரே செல்லை உள்ளே இடவேண்டும்.

செல்லுக்குச் செலவிடும் பணத்தில் பாதியையேனும் சார்ஜருக்கும் செலவிடத் தயங்கலாகாது. மலிவான சார்ஜர்கள் இரண்டிரண்டு செல்களாகச் சேர்த்து, இத்தனை மணி என்று வரையறுத்து ஏற்றும். ஒன்று பாதி நிரம்பியும் மற்றொன்று காலியாகவும் இருந்தால், முன்னது அளவுக்கு மீறி வாங்கிச் சூடேறும். பின்னது வயிறு நிரம்பாமல் நிற்கும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது இங்கே முற்றும் பொருந்தும். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே சோதித்து, நிரம்பியதும் தானே நிறுத்திவிடும் சார்ஜரே நல்லது. 2000 அளவுள்ள செல்லை 500 மில்லி ஆம்பியரில் ஏற்றினால் ஏறக்குறைய நாலரை மணி நேரத்தில் நிரம்பும். செல்லும் அதிகம் சுடாது. இரவு உணவுக்கு முன் இட்டால் படுக்கப் போகுமுன் எடுத்துவிடலாம்.

நான்கு செல்களை ஒன்றாக வாங்கினால் அவற்றை ஒன்றாகவே ஏற்றி ஒன்றாகவே பயன்படுத்தவேண்டும். கூட்டத்தில் ஒரு செல் நலிந்ததாயின், மற்ற மூன்றும் அதன் வழியே மின்சாரத்தை நெருக்கித் தள்ள, அது தலைகீழாக மின்னேறி அழியும். ஒவ்வொரு தொகுதியின் மேலும் ‘அ’, ‘ஆ’, ‘இ’ என்று மையால் எழுதி வைப்பது எளிய வழி, பலன் பெரிது.

இனி லித்தியம் பாட்டரியைக் கவனிப்போம். பெரிய காமிராக்களில் இடும் பாட்டரியின் மேல் 7.2 வோல்ட் என்று காணப்படும். உள்ளே 3.6 வோல்ட் கலங்கள் இரண்டு தொடர்ந்து இணைந்திருக்கின்றன என்பதே இதன் பொருள். அவற்றோடு அளவு மீறி ஏறாமலும் இறங்காமலும் காக்கும் ஒரு சிறு மின்சுற்றும் இருக்கிறது. இந்தக் காவற்காரனே பாட்டரியின் உயிர்நிலை. போலிப் பாட்டரிகளில் முதலில் குறைக்கப்படுவதும் இதுவே. லித்தியம் கலத்தின் உட்பொருள் தீப்பற்றும் இயல்புடையது. ஆகவே இங்கே மலிவைத் தேடுவது பணத்தைப் பற்றிய செய்தி மட்டும் அன்று. வீட்டைப் பற்றிய செய்தியுமாகும்.

காமிரா செய்தவரே தரும் பாட்டரியை வாங்குவது ஐயத்துக்கு இடமில்லாத வழி. விலை மிகுதி என்று கருதி வேறொருவர் செய்ததை வாங்குவோர், பெயர் தெரிந்த தயாரிப்பாளரா, கடைக்காரர் ரசீது தருகிறாரா, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும் பதிவு எண்ணும் உள்ளனவா என்று பார்க்கவேண்டும். இவ்வகைப் பாட்டரிகளுக்கு உரிய இந்தியத் தரம் ஐ.எஸ். 16046. சில காமிராக்கள் அயல் பாட்டரியை அடையாளம் கண்டு, எஞ்சிய மின்சாரத்தின் அளவைக் காட்ட மறுப்பதும் உண்டு. அளவு தெரியாத பாட்டரியை நம்பித் திருமண மண்டபத்துக்குப் போகலாமா என்பதை வாங்குவோரே முடிவு செய்துகொள்ளலாம்.

ஒரு தடவை ஏற்றினால் எத்தனை படம் எடுக்கலாம்? ஜப்பானியக் காமிராத் தயாரிப்பாளர் சங்கம் வகுத்த சோதனையின்படி ஒவ்வொரு காமிராவுக்கும் ஓர் எண் தருகிறார்கள். கண்ணாடி வைத்த பழைய அமைப்புக் காமிராக்களில் அது பல சமயம் 800, 900 எனச் செல்லும். கண்ணாடி இல்லாத புது அமைப்பில் 300, 400 என்று நிற்பவை பல. பின்னதில் திரையும் ஒளியுணரியும் ஓயாது உழைப்பதே காரணம். அந்த எண் ஒப்பிட்டுப் பார்க்க உதவுமேயன்றி அதுவே விதி ஆகாது. அடுத்தடுத்து விரைந்து எடுத்தால் கூடும். எடுத்த படத்தையெல்லாம் உறவினருக்குத் திரையில் காட்டிக்கொண்டிருந்தால் குறையும். சலனப்படம் எடுத்தால் இன்னும் விரைவில் தீரும். நாள் முழுதும் நடக்கும் கல்யாணத்துக்கு, காமிராவில் ஒன்று, பையில் இரண்டு என்று மூன்று பாட்டரிகளும், பிளாஷுக்கு மூன்று தொகுதிச் செல்களும் இருத்தல் நலம். நிறைந்தவை வலப்பையில், தீர்ந்தவை இடப்பையில் என்று ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டால், நெருக்கடியில் கை தடுமாறாது.

முற்றும் தீர்ந்த பிறகே ஏற்றவேண்டும் என்று நம் வீடுகளில் இன்றும் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது காட்மியம் கலத்தின் காலத்தில் தோன்றிய அறிவுரை. லித்தியத்துக்கு அது பொருந்தாது. பாதியில் ஏற்றுவதால் தீங்கில்லை. முற்றும் வடியவிடுவதே தீங்கு. சில மாதங்களுக்குக் காமிராவுக்கு வேலை இல்லையென்றால், பாட்டரியைப் பாதியளவு நிறைவில் கழற்றிக் குளிர்ச்சியான, ஈரமில்லாத இடத்தில் வைக்கவேண்டும். நிறைய ஏற்றி வெப்பத்தில் வைப்பது அதன் ஆயுளை விரைவாகக் குறைக்கும்.

நாம் வாழும் இடங்களின் தட்பவெப்பம் நம் ஊரினதைப் போன்றது அன்று. டில்லியிலும் ராஜஸ்தானத்திலும் மே, ஜூன் மாதங்களில் வெப்பம் 45 பாகையை எட்டுவதுண்டு. வெயிலில் நிறுத்திய மோட்டாருக்குள் அது 60 பாகையையும் தாண்டும். அங்கே பாட்டரிப் பையை விட்டுப் போவது தகாது. மும்பையிலும் கொல்கத்தாவிலும் மழைக்காலத்து ஈரம் செல்லின் முனைகளில் களிம்பேற்றும்; உலர்ந்த துணியால் துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப் பொட்டலத்தோடு டப்பியில் வைக்கவேண்டும். லடாக், சிம்லா, சிக்கிம் முதலிய இடங்களுக்கு உல்லாசப் பயணம் போவோர்க்கு வேறு வகைச் சோதனை. கடுங்குளிரில் கலத்தினுள் நடக்கும் வேதிவினை மந்தமாகும். காலையில் நிறைந்திருந்த பாட்டரி ஒரு மணி நேரத்தில் தீர்ந்ததாகக் காட்டும். உண்மையில் அது தீரவில்லை, விறைத்துப்போயிருக்கிறது. உபரிப் பாட்டரியைச் சட்டையின் உட்பையில், உடலின் சூட்டில் வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால், ஓய்ந்ததும் மீண்டும் உழைக்கும். ஆனால் நீர் உறையும் குளிரில் லித்தியம் பாட்டரிக்கு மின்சாரம் ஏற்றலாகாது. ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து கலத்தைக் கெடுக்கும். அறைக்குள் வந்து, பாட்டரி இயல்பான சூட்டை அடைந்த பின்னரே ஏற்றவேண்டும்.

விடுமுறைக்கு விமானத்தில் ஊருக்குப் போவோர் ஒரு விதியை நினைவிற் கொள்ளவேண்டும். தனியாக எடுத்துச் செல்லும் லித்தியம் பாட்டரிகளையும் பவர் பேங்கையும் சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வைக்கலாகாது, கைப்பையிலேயே கொண்டுசெல்லவேண்டும். தீ எழுந்தால் பயணிகள் அறையில் உடனே கண்டு அணைக்கலாம் என்பதே காரணம். ஒவ்வொரு பாட்டரியும் 100 வாட் மணிக்குள் இருந்தால் தனி அனுமதி வேண்டுவதில்லை. 100க்கு மேல் 160 வரை உள்ளவற்றுக்கு விமான நிறுவனத்தின் இசைவு வேண்டும். அவையும் இரண்டுக்கு மேற்படலாகாது. கணக்கு எளிது. வோல்ட்டை ஆம்பியர் மணியால் பெருக்கினால் வாட் மணி வரும். 7.2 வோல்ட், 2000 மில்லி ஆம்பியர் மணி என்றால் 14.4 வாட் மணி. ஆதலால் காமிராப் பாட்டரியைப் பற்றி அச்சமில்லை. சலனப்பட விளக்குகளுக்கு உரிய பெரிய பாட்டரி வைத்திருப்போரே கவனிக்கவேண்டும். முனைகள் சாவியிலோ நாணயத்திலோ உரசாதபடி மூடியிட்டு வைப்பதும் இன்றியமையாதது.

எந்தக் கலமும் என்றும் இளமையோடு இராது. சில ஆண்டுகளில் கொள்ளளவு குறையும், அது இயற்கை. ஆனால் பாட்டரி உப்பியிருந்தாலோ, காமிராவில் இடும்போது இறுகினாலோ, ஏற்றும்போது தொட முடியாதபடி சுட்டாலோ, அன்றே அதை ஒதுக்கவேண்டும். குத்துவதும் அழுத்துவதும் திறந்து பார்ப்பதும் ஆபத்து. வீட்டுக் குப்பையோடு சேர்ப்பதும் தவறு. 2022ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெறும் கடமையைத் தயாரிப்பாளர் மீது வைத்திருக்கின்றன. அவற்றைத் தனியே பிரித்து, சேகரிப்போரிடம் ஒப்படைக்கும் கடமை நம்முடையது. குப்பை மேட்டில் வெறுங்கையால் பொறுக்கிப் பிழைப்போரை நினைத்தால், இந்தக் கடமையின் கனம் புலப்படும்.

நம்மவருள் பல இளைஞர்கள் வெளிமாநிலங்களில் படம் எடுப்பதையே பிழைப்பாகக் கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு முகூர்த்தத்தில் தவறிய படம் அடுத்த முகூர்த்தத்துக்கான அழைப்பையும் போக்கிவிடும். படக்காரரை அமர்த்துவோரும், “எத்தனை காமிரா கொண்டுவருவீர்கள்?” என்று கேட்பதோடு, “எத்தனை பாட்டரி கொண்டுவருவீர்கள்?” என்றும் கேட்கலாம், அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. நல்ல செல், நல்ல சார்ஜர், முதல்நாள் இரவே ஏற்றி எண்ணிட்டு வைக்கும் ஒழுங்கு ஆகிய மூன்றும் அமைந்தால், மின்கலம் நம் நினைவுக்கே வராது. மண்டபத்தில் அதை மறந்து படத்தில் மட்டும் மனம் வைத்திருக்கலாம்.