வீட்டோடு காணியும் வேண்டும்

(ஜிந்துப்பிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2025 நவம்பர் 28இல் டித்வா புயல் மலையகத்தைச் சிதைத்தது. சேற்றை அள்ளிவிட்டோம். ஆனால் குடும்பம் எழுந்து நிற்க வருடங்கள் ஆகும். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தை லயங்களை மண்சரிவு மூடியது. தப்பியவர்களுக்குப் புது வீடு கிடைக்க ஏறத்தாழ இரண்டு வருடங்கள் சென்றன.

இம்முறை, வீட்டை இழந்தவருக்கு 50 இலட்சம் ரூபாய் வரை என்று அரசாங்கம் அறிவித்தது. ஆனால் லயக் காம்பரா நம் பெயரில் இல்லையே! ஆகவே இழப்பீட்டோடு ஆபத்தில்லாத காணியும் கேட்கிறோம். உறுதிப்பத்திரம் கணவன், மனைவி இருவர் பெயரிலும் வேண்டும்.

கொழும்புக் கடைகளில் உழைக்கும் பிள்ளைகளே, நீங்கள் அனுப்பும் சம்பளம் அடகு மீட்கவே போகிறது. அது நமக்குத் தெரியும். லீவில் ஊருக்குப் போகும்போது இதையும் செய்யுங்கள். சேத விபரம் கிராம உத்தியோகத்தரின் பதிவில் இருக்கிறதா என்று பார்த்து, பிரதி வாங்கி வையுங்கள். ஒரு காம்பராவில் இரண்டு குடும்பம் இருந்திருந்தால் இரண்டாகவே பதியச் சொல்லுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஆபத்து என்று சொன்ன லயத்துக்கு யாராவது திரும்பச் சொன்னால், எழுத்தில் கேளுங்கள். உடனே சங்கத்துக்கு அறிவியுங்கள். தனியாக ஒரு குடும்பம் கேட்டால் மறுப்பார்கள். நாம் சேர்ந்து கேட்போம்.